மறுமைப் பாதுகாப்பு: வன்னியின் மௌத் வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள்

மன்னார் மாவட்டத்து எங்கள் முசலிப் பக்கத்தில் ஒரு மௌத் (மரணம்) என்றால், மையித்தை (இறந்தவரின் உடலை) அடக்கிவிட்டு வந்த பிறகுதான் கேள்விகள் தொடங்கும். வேப்பமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் பிளேன்டீயோடு யாராவது மெதுவாகக் கேட்பார்: "இப்ப உள்ளுக்கு என்ன நடந்துகொண்டிருக்கும்?" நான் குர்ஆன் மத்ரஸாவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறவன். ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) சொல்லும் ஆள் அல்ல. மௌலவிமாரிடம் கேட்டும் நானாக வாசித்தும் தெரிந்துகொண்டதை, அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலாக இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் வீட்டுக்கென்று தனிச் சிக்கல் ஏதும் இருந்தால் ஊர் மௌலவியிடம் போய்க் கேளுங்கள்.

மறுமையில் பாதுகாப்பு என்கிறோமே, எதிலிருந்து பாதுகாப்பு?

மௌத்துக்கும் கியாமத்துக்கும் (மறுமை நாளுக்கும்) இடையில் உள்ள காலத்துக்கு பர்ஸக் என்று பெயர். திரை, தடுப்பு என்று பொருள். அதில் முதல் இடம் கபுறு, அதாவது புதைகுழி. அங்கே முன்கர், நகீர் என்ற இரண்டு மலக்குகள் (வானவர்கள்) வந்து, உன் ரப்பு (இறைவன்) யார், உன் மார்க்கம் எது, உங்களிடம் அனுப்பப்பட்ட இந்த மனிதர் யார் என்று கேட்பார்கள். பிறகு எழுப்பப்படும் நாள், மஹ்ஷர் வெளி, கேள்வி கணக்கு, மீஸான் தராசு, ஜஹன்னத்தின் (நரகத்தின்) மேல் போடப்படும் ஸிராத் பாலம். இந்த ஒவ்வொரு இடத்திலும் காப்பாற்று என்று அல்லாஹ்விடம் கேட்பதுதான் பாதுகாப்புத் தேடல்.

நபித்தோழர் உஸ்மான் (ரலி) ஒரு கபுறுக்குப் பக்கத்தில் நின்றால் தாடி நனையும் அளவுக்கு அழுவார்களாம். சுவர்க்கத்தையும் நரகத்தையும் பற்றிப் பேசும்போது அழாத நீங்கள் இதற்கு ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார்கள். கபுறுதான் ஆகிரத்தின் (மறுமையின்) முதல் தங்குமிடம், அதில் ஒருவர் தப்பிவிட்டால் அதற்குப் பிறகு வருவது அதைவிட இலேசு என்று நபி (ஸல்) சொன்னதை அவர்கள் பதிலாகச் சொன்னார்கள். திர்மிதி என்ற ஹதீஸ் (நபிமொழி) நூலில் பதிவாகியிருக்கிறது.

தினமும் ஓத ஒரே ஒரு துஆ (பிரார்த்தனை) சொல்லித் தாருங்கள் என்றால்?

தொழுகையின் கடைசி அத்தஹிய்யாத்துக்குப் பிறகு, ஸலாம் கொடுப்பதற்கு முன் ஓதுவது:

"அல்லாஹும்ம இன்னீ அஊது பிக்க மின் அதாபி ஜஹன்னம், வமின் அதாபில் கப்ர், வமின் ஃபித்னத்தில் மஹ்யா வல்மமாத், வமின் ஷர்ரி ஃபித்னத்தில் மஸீஹித் தஜ்ஜால்."

ஜஹன்னத்தின் வேதனை, கபுறின் வேதனை, வாழ்விலும் சாவிலும் வரும் சோதனை, கடைசிக் காலத்தில் வரும் பொய்யனான தஜ்ஜாலின் குழப்பம் ஆகிய நான்கிலிருந்தும் உன்னிடம் காவல் தேடுகிறேன் என்று அர்த்தம். குர்ஆனின் ஒரு சூராவைக் கற்றுக்கொடுப்பது போலவே நபி (ஸல்) இதைத் தோழர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொல்கிறார்கள். தாவூஸ் என்ற பெரியவர் தன் மகனிடம், தொழுகையில் இதை ஓதினாயா என்று கேட்டு, மகன் இல்லை என்றதும் திருப்பித் தொழச் சொன்னாராம். அது கட்டாயம் என்பதற்காக அல்ல, இதன் பெறுமதியை மகன் உணர வேண்டும் என்பதற்காக என்றுதான் பல ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) விளங்கியிருக்கிறார்கள். என்னிடம் ஓதும் பிள்ளைகள் ஏழு எட்டு வயதிலேயே இதைப் பாடமாக்கிவிடுகிறார்கள். பெரியவர்களுக்குத்தான் அவசரம், ஸலாம் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடிப் போய்விடுகிறோம்.

இரவில் சூரா முல்க் ஓதுவது எதற்காக?

முப்பது வசனங்கள் கொண்ட ஒரு சூரா, தன்னை ஓதியவருக்கு மன்னிப்புக் கிடைக்கும் வரை அவருக்காகப் பரிந்து பேசியது, அது தபாரகல்லதீ என்று தொடங்கும் முல்க் என்று நபி (ஸல்) சொன்னார்கள். அவர்கள் தூங்குவதற்கு முன் ஸஜ்தா சூராவையும் இதையும் ஓதுவார்கள் என்றும் அறிவிப்பு உண்டு.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் நாங்கள் எட்டுப் பேர் நெருக்கிப் படுத்திருப்போம். உம்மா குப்பி விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் மனப்பாடமாக முல்க்கை ஓதுவார். முப்பதாவது வசனம், உங்கள் தண்ணீர் பூமிக்குள் போய்விட்டால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டுவருவது யார் என்று கேட்டு முடியும். மறுநாள் காலையில் தண்ணீர் பவுசர் வருமா வராதா என்று தெரியாத அந்த முகாமில் அந்த வசனத்தைக் கேட்டுத்தான் நான் தூங்கிப் போவேன். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

கபுறு வேதனை எந்தக் காரணத்தால் வருகிறது?

காரணங்கள் பல. ஆனால் நபி (ஸல்) நேரடியாகக் காட்டிச் சொன்ன சம்பவம் ஒன்று இருக்கிறது. இரண்டு கபுறுகளைக் கடந்து போகும்போது, இந்த இருவரும் வேதனை செய்யப்படுகிறார்கள், அது ஒன்றும் தவிர்க்க முடியாத பெரிய காரியத்துக்காக அல்ல என்றார்கள். ஒருவர் சிறுநீர் படுவதிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவில்லை. மற்றவர் ஆட்களுக்கிடையில் கோள் சொல்லித் திரிந்தார். பிறகு ஒரு பச்சைப் பேரீச்ச மட்டையை இரண்டாகப் பிளந்து ஒவ்வொரு கபுறிலும் ஒன்றாக நட்டு, இவை காயாமல் இருக்கும் வரை இவர்களுக்கு வேதனை குறைக்கப்படலாம் என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது.

முதல் காரணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆடி ஆவணியில் கிணறு வற்றி, ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு நாளை ஓட்டும் வீடுகள் இங்கே உண்டு. அப்படியான நேரத்திலும் சுத்தத்துக்கென்று ஒரு போத்தல் தண்ணீரை ஒதுக்கிவையுங்கள். தண்ணீர் அறவே இல்லாவிட்டால் கல்லாலும் காகிதத்தாலும் சுத்தம் செய்ய மார்க்கத்தில் இடமிருக்கிறது.

இரண்டாவதுதான் என்னைப் பயமுறுத்துவது. கோள் என்றால் பொய் சொல்வது மட்டுமல்ல. ஒருவர் சொன்ன உண்மையையே மற்றவரிடம் கொண்டுபோய் இருவரையும் பகைக்க வைப்பதும் கோள்தான். போரிலும் இடப்பெயர்விலும் ஒருவர் சொன்ன ஒரு வார்த்தை இன்னொருவரின் வாழ்க்கையையே முடித்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். வாய் வார்த்தைக்கு என்ன பாரம் என்பது வன்னி மக்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. இப்போது அந்த வேலையை வாட்ஸ்அப் குரல் பதிவு செய்கிறது. ஒரு பதிவை அடுத்த குழுவுக்கு அனுப்ப விரலைக் கொண்டுபோகும்போது அந்த இரண்டாவது கபுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கபுறில் பச்சைக் கொப்பு நடுவது பற்றி: இந்த ஹதீஸை வைத்து எல்லோரும் செய்யலாம் என்பவர்களும், அது நபிக்கு மட்டும் உரியது என்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் நடுகிறோம்.

மையித்தின் கடனைப் பற்றி ஏன் சந்தூக்கை (மையித்துப் பெட்டியை) தூக்கும் முன்பே கேட்கிறார்கள்?

பார்த்திருப்பீர்கள். தொழுவிப்பதற்கு முன் மூத்த மகனோ சகோதரனோ முன்னால் வந்து, "மையித்துக்கு யாராவது கடன் கொடுத்திருந்தால் எங்களைச் சந்தியுங்கள், நாங்கள் பொறுப்பு" என்று சொல்வார். அழுது தொண்டை கட்டிப்போயிருக்கும், ஆனாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காரணம் இதுதான். ஒரு ஜனாஸா (அடக்கத்துக்கான உடல்) கொண்டுவரப்பட்டபோது, இவருக்குக் கடன் இருக்கிறதா என்று நபி (ஸல்) கேட்டார்கள். மூன்று தீனார் என்றார்கள். அதைக் கொடுக்க எதையும் விட்டுவைக்கவில்லை என்றதும், நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று ஒதுங்கினார்கள். அபூ கதாதா (ரலி) எழுந்து, அந்தக் கடன் என் பொறுப்பு என்ற பிறகே தொழுவித்தார்கள். முஃமினின் (இறைநம்பிக்கையாளரின்) உயிர் அவனுடைய கடன் தீர்க்கப்படும் வரை அதனோடு தொங்கிக்கொண்டிருக்கும் என்ற ஹதீஸும் இருக்கிறது. ஷஹீதுக்குக்கூட (மார்க்கத்துக்காக உயிர்விட்டவருக்குக்கூட) எல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர. பிற்காலத்தில் பைத்துல்மாலில் (பொது நிதியில்) வசதி வந்ததும், கடனோடு மௌத்தானவர்களின் கடனை நபியே பொறுப்பெடுத்தார்கள்.

1990 இல் வாங்கிய கடனுக்கு, அதுவும் முஸ்லிம் அல்லாத ஒருவரிடம் வாங்கியதற்கு, இன்றைக்கும் பொறுப்பு உண்டா?

உண்டு. கடன் கொடுத்தவர் எந்த மதம் என்று மறுமையில் தள்ளுபடி கிடையாது.

இதை நான் என் வீட்டுக் கதையோடு சொல்கிறேன். வாப்பா விதைநெல்லுக்கும் உரத்துக்கும் முருங்கனில் ஒரு தமிழ் முதலாளியிடம் கணக்கு வைத்திருந்தார். அறுவடை முடிய கொடுப்பது வழக்கம். அந்த வருடம் விதைத்த நெல் முளைத்ததைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. வடக்கிலிருந்து 70,000 பேருக்கும் மேல் வெளியேறிய அந்த நாட்களில் எங்கள் குடும்பமும் கையில் பிடித்ததைத் தூக்கிக்கொண்டு புத்தளம் போய்ச் சேர்ந்தது. வாப்பாவிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருந்தது. அதன் முதல் பக்கத்தில் ஒரே வரி: "முருங்கன் முதலாளி 750." புதுக் கொப்பி வாங்கும்போதெல்லாம் அந்த வரியை முதல் பக்கத்தில் திருப்பி எழுதிவிடுவார். நாங்கள் இழந்த வீட்டுக்கும் மாடுகளுக்கும் முன்னால் இந்த எழுநூற்றைம்பது ரூபா என்ன பெரிய காசு என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். "அது எங்களுக்கு வரவேண்டியது. இது எங்கள்ட்ட இருந்து போகவேண்டியது. ரெண்டையும் கலக்காத" என்றார். 2006 இல் புத்தளத்திலேயே மௌத்தானார். போர் நடந்துகொண்டிருந்ததால் போகவும் முடியவில்லை.

2009 க்குப் பிறகு நாங்கள் ஊர் திரும்பியதும் நான் முருங்கனுக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் வேறு கட்டடம். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது முதலாளி போரின்போதே தவறிவிட்டார் என்று தெரிந்தது. மகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது, பயந்துபோய் வேண்டாம் என்றுவிட்டார். உள்ளே கட்டிலில் இருந்த அவருடைய வயதான தாயார்தான் குரல் கொடுத்தார்: "அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், வரச் சொல்லு." நான் இன்றைய விலைவாசியை நினைத்துப் பல மடங்கு கொண்டுபோயிருந்தேன். அவர் எழுநூற்றைம்பதை மட்டும் இரண்டு தடவை எண்ணி எடுத்து, மிச்சத்தைக் கையாலேயே தள்ளிவிட்டார். "இனி உங்கட அப்பாவுக்கு எங்களோட கணக்கில்லை தம்பி" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அழுதது துக்கத்தால் அல்ல.

இப்படியான கடன் உங்களிடமும் இருந்தால், முதலில் ஆளைத் தேடுங்கள். ஆள் இல்லாவிட்டால் வாரிசுகளைத் தேடுங்கள். எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்றால் அந்தத் தொகையை அவர் பெயரில் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும், பின்னால் அவர் வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும் என்று ஆலிம்கள் சொல்கிறார்கள். வாங்கிய தொகைதான் கடமை. மேலதிகமாக விரும்பிக் கொடுப்பது நல்லது. உங்களில் சிறந்தவர் கடனை அழகாகத் திருப்பிக் கொடுப்பவர் என்ற நபி, தாங்களே வாங்கியதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள்.

தௌபா (பாவமன்னிப்புத் தேடல்) செய்தால் எல்லாம் மன்னிக்கப்படும் தானே?

அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும் இடையில் உள்ளதற்கு, ஆம். செய்ததை விட வேண்டும், அதற்காக உள்ளம் நோக வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். மனிதரின் உரிமையில் கைவைத்திருந்தால் நான்காவது ஒன்று சேர்கிறது: உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவரிடம் மாப்புக் கேட்டு ஹலாலாக்கிக்கொள்ள வேண்டும்.

வங்குரோத்தானவன் யார் தெரியுமா என்று நபி (ஸல்) தோழர்களிடம் கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவன் என்றார்கள். இல்லை, என் சமூகத்தில் வங்குரோத்தானவன் தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு கியாமத் நாளில் வருவான், ஆனால் இவனை ஏசியிருப்பான், அவன் மீது அவதூறு சொல்லியிருப்பான், ஒருவனின் பொருளைத் தின்றிருப்பான், ஒருவனின் இரத்தத்தைச் சிந்தியிருப்பான், ஒருவனை அடித்திருப்பான் என்றார்கள். அவனுடைய நன்மைகள் அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். நன்மை தீர்ந்துவிட்டால் அவர்களுடைய பாவம் இவன் தலையில் போடப்பட்டு நரகத்தில் எறியப்படுவான்.

மத்ரஸாவில் இதைச் சொல்லும்போது எனக்கு எங்கள் ஊரின் வீடுகள்தான் நினைவுக்கு வரும். திரும்பி வந்தபோது கதவு இல்லை, நிலை இல்லை, கூரை ஓடு இல்லை. சுவரில் ஆலங்கன்று முளைத்திருந்தது. யாரோ கழற்றினார்கள், யாரோ வாங்கினார்கள், அந்த ஓட்டுக்குக் கீழே இன்னும் யாரோ படுத்துத் தூங்குகிறார்கள். அதே போல, எங்கள் ஆட்களும் ஒதுங்கிய இடங்களில் பிறருடைய காணிக்குள் வேலி போட்டதும், கூலியைக் குறைத்துக் கொடுத்ததும் உண்டு. யாராக இருந்தாலும் சரி, அந்த ஒரு ஓடும் ஒரு முழ வேலியும் மீஸானில் ஏறும். அதை இங்கேயே இறக்கிவைப்பது எவ்வளவோ இலேசு.

அப்படியானால் பாதிக்கப்பட்டவர்கள் மன்னித்துத்தான் ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. உரிமையைக் கேட்பது பாவமே அல்ல. மன்னித்துச் சமாதானம் செய்பவருக்குக் கூலி அல்லாஹ்விடம் என்று சூரா ஷூராவில் வருகிறது. மன்னிப்பது உங்கள் விருப்பம், பிறர் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

ஸதகா ஜாரியாவுக்கு எது நல்லது?

மனிதன் மௌத்தானால் மூன்றைத் தவிர அவனுடைய அமல் (நற்செயல்) எல்லாம் நின்றுவிடும்: தொடர்ந்து ஓடும் தர்மம், பிறருக்குப் பயன்படும் அறிவு, அவனுக்காக துஆ செய்யும் நல்ல பிள்ளை. ஜாரியா என்ற சொல்லுக்கே ஓடிக்கொண்டிருப்பது என்றுதான் அர்த்தம்.

ஸஃது இப்னு உபாதா (ரலி) தன் தாய் மௌத்தானபோது, அவர்களுக்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று கேட்டார்கள். தண்ணீர் என்றார்கள் நபி (ஸல்). அவர் ஒரு கிணறு வெட்டி, இது ஸஃதின் தாய்க்கு என்றார். வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான ஹதீஸ் ஒன்று இல்லை. மழை ஐப்பசி தொடங்கி மார்கழி வரை ஊற்றிவிட்டுப் போய்விடும். மிச்சக் காலம் குளமும் கிணறும்தான்.

ஆனால் ஒன்றை மனம் நொந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர்ப் பலகை போட்டுத் திறந்த குழாய்க் கிணறுகள் சில, ஒரு வருடத்திலேயே கைப்பிடி உடைந்து துருப்பிடித்து நிற்கின்றன. பலகையில் பெயர் பளிச்சென்று இருக்கிறது, தண்ணீர் ஓடவில்லை. புதிதாக ஒன்று போடுவதற்கு முன், உங்கள் ஊரில் பழுதாய் நிற்கும் ஒன்றைத் திருத்திக் கொடுங்கள். இடிந்து மண் மூடிய பழைய கிணறு ஒன்றைத் தூர்வாரி, கட்டு உயர்த்திக் கொடுங்கள். பிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்து, வருடா வருடம் சின்னத் தொகை ஒன்று ஒதுக்குங்கள். மாடு குடிக்கப் பக்கத்தில் ஒரு தொட்டியும் கட்டுங்கள். தாகத்தில் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குச் சப்பாத்தில் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதனை அல்லாஹ் மன்னித்தான்.

காசு இல்லாதவர்கள் மரம் நடலாம். அதன் பழத்தை மனிதன் தின்றாலும் பறவை தின்றாலும் நட்டவருக்குத் தர்மம். அதுவும் முடியாவிட்டால், பேரீச்சம் பழத்தில் ஒரு பாதியைக் கொடுத்தாவது நரகத்திலிருந்து உங்களைக் காத்துக்கொள்ளுங்கள், அதுவும் இல்லையென்றால் ஒரு நல்ல வார்த்தையால் என்று நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள்.

பெண்பிள்ளைகள் நரகத்துக்குத் திரை என்கிறார்களே?

ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஒரு ஏழைப் பெண் இரண்டு மகள்களோடு வந்து கேட்டாள். வீட்டில் ஒரே ஒரு பேரீச்சம் பழம்தான் இருந்தது. அதைக் கொடுத்தார்கள். அவள் அதை இரண்டாகப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தான் ஒன்றும் தின்னாமல் எழுந்து போனாள். நபி (ஸல்) வந்ததும் இதைச் சொன்னபோது, பெண்மக்களைக் கொண்டு சோதிக்கப்பட்டு அவர்களிடம் நல்லபடி நடந்துகொள்பவருக்கு அவர்கள் நரகத்திலிருந்து திரையாக இருப்பார்கள் என்றார்கள்.

புத்தளத்து முகாம்களில் கணவனை இழந்து, உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கூலிக்குப் போய் மகள்களைப் படிக்கவைத்த உம்மாமார்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலருக்குத் தஸ்பீஹ் எண்ண நேரமே கிடைத்ததில்லை. தாங்கள் பெரிதாக அமல் ஒன்றும் செய்யவில்லை என்று அவர்கள் கவலைப்படும்போது இந்த ஹதீஸைத்தான் நான் சொல்வேன்.

கத்தம், தல்கீன், யாசீன்: செய்யலாமா கூடாதா?

இந்தக் கேள்வியால் அண்ணன் தம்பி பேசாமல் போன வீடுகள் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன்.

மையித்துக்காக துஆ செய்வது, பாவமன்னிப்புக் கேட்பது, அவர் பெயரில் தர்மம் கொடுப்பது, கடனைத் தீர்ப்பது ஆகியவை போய்ச் சேரும் என்பதில் சண்டையே இல்லை. அடக்கி முடிந்ததும் நபி (ஸல்) கபுறடியில் நின்று, உங்கள் சகோதரருக்காக மன்னிப்புக் கேளுங்கள், அவர் உறுதியாக நிற்க துஆ செய்யுங்கள், இப்போது அவர் கேட்கப்படுகிறார் என்றார்கள். மண்ணைப் போட்டதும் கையைத் தட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளைத் தேடி ஓடாமல், ஒரு பத்து நிமிடம் நின்று துஆ கேளுங்கள்.

கத்தம், யாசீன் என்று குர்ஆன் ஓதி நன்மையை அனுப்புவது, மலக்குகளின் கேள்விக்கான பதிலை மையித்துக்கு நினைவூட்டும் தல்கீனைக் கபுறில் சொல்வது, மூன்று, ஏழு, நாற்பது என்று நாள் குறித்துக் கூடுவது ஆகியவற்றில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஷாஃபி மத்ஹபை (சட்டப் பள்ளியை) சேர்ந்த பல இமாம்கள் தல்கீனை நல்லது என்றிருக்கிறார்கள், தவ்ஹீத் சகோதரர்கள் ஆதாரம் போதாது என்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன். துக்க வீட்டுக்காரர் கடன் வாங்கி ஊருக்குச் சோறு போடக் கூடாது. ஜஃபர் (ரலி) மூத்தா போரில் ஷஹீதானபோது, ஜஃபரின் வீட்டாருக்கு உணவு சமையுங்கள் என்றுதான் நபி (ஸல்) சொன்னார்கள். சோறு பக்கத்து வீட்டிலிருந்து மௌத் வீட்டுக்குப் போக வேண்டும். யதீம் (தந்தையை இழந்த) பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய சொத்திலிருந்து பிரியாணி ஆக்கிப் போடுவது மையித்துக்கு எந்தப் பாதுகாப்பையும் தராது.

கபுறே இல்லாதவர்களின் நிலை என்ன? கடலில் போனவர்கள், எரிக்கப்பட்டவர்கள்?

2004 டிசம்பர் 26 இல் முல்லைத்தீவுக் கரையைக் கடல் அள்ளிக்கொண்டு போனது. போரில் உடலே கிடைக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். 2020 மார்ச் கடைசியிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் மௌத்தானவர்களின் உடல்களை எரிக்கவே வேண்டும் என்று இலங்கையில் விதி இருந்தது. அது நீங்கியதும் கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவில் அடக்கலாம் என்றார்கள். நீண்ட காலம் இடம்பெயர்ந்திருந்து திரும்பி வந்த அந்தத் தீவு மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் 2021 மார்ச் மாதம் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கினார்கள். அதற்குள் எரிந்து போனவர்களின் பிள்ளைகள் இன்னும் கேட்கிறார்கள்: "எங்கட உம்மாட்ட முன்கர் நகீர் எப்படி வந்திருப்பாங்க?"

கபுறு வாழ்க்கை என்பது குழிக்குள் மட்டும் நடப்பதல்ல. அது பர்ஸக், உடல் எங்கே இருந்தாலும், எதுவாகிப் போனாலும், அல்லாஹ்வின் அறிவுக்கு வெளியே போவதில்லை. முன்னைய சமூகத்தில் ஒரு மனிதன் தன் பாவத்துக்குப் பயந்து, நான் இறந்ததும் என்னை எரித்துச் சாம்பலைக் காற்றில் தூவிவிடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னான். அவர்களும் அப்படியே செய்தார்கள். அல்லாஹ் அந்தச் சாம்பலை ஒன்றுசேர்த்து அவனை எழுப்பி, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டான். உன் மீதுள்ள பயத்தால் என்றான். அல்லாஹ் அவனை மன்னித்தான். புகாரியில் உள்ளது இது. தானாக விரும்பி எரிக்கச் சொன்னவனையே அல்லாஹ் சேர்த்தெடுத்து மன்னித்திருக்கும்போது, பிறர் கையால் எரிக்கப்பட்ட உங்கள் உம்மாவைக் கைவிடுவான் என்று ஏன் பயப்படுகிறீர்கள்? அப்புறம், கொள்ளைநோயில் இறந்தவர், வயிற்று நோயில் இறந்தவர், நீரில் மூழ்கியவர், இடிபாட்டில் சிக்கியவர் ஆகியோர் ஷஹீதுகள் என்று நபி (ஸல்) எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள்.

உடல் இல்லாவிட்டால் காயிப் ஜனாஸா (உடல் முன்னால் இல்லாமல் தொழும் ஜனாஸாத் தொழுகை) தொழுங்கள். அபிசீனிய அரசர் நஜ்ஜாஷி தூர தேசத்தில் மௌத்தானபோது நபி (ஸல்) மதீனாவில் நின்று தொழுவித்தார்கள்.

பழைய மையவாடியில் எந்தக் கபுறு யாருடையது என்றே தெரியவில்லை. எங்கே நின்று ஓதுவது?

இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்த எங்கள் மையவாடிக்குக் கத்தியோடுதான் போனோம். காரைப் பற்றையும் ஈச்சையும் மண்டிக் கிடந்தது. கபுறுக்கு அடையாளமாக நட்ட மீஸான் கட்டைகள் பலதைக் கறையான் தின்றிருந்தது. ஒரு பாலை மரத்தை வைத்து, மூத்தம்மாவின் கபுறு அதற்குக் கிழக்கே எட்டு எட்டில் என்று உம்மா கணக்குச் சொன்னார். அந்தப் பாலையும் பிளந்து இரண்டு மரமாகிவிட்டிருந்தது.

சரியான இடம் தெரியத் தேவையில்லை. வாசலில் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும் தார கவ்மின் முஃமினீன், வஇன்னா இன்ஷா அல்லாஹு பிக்கும் லாஹிகூன்" என்று எல்லோருக்குமாக ஸலாம் சொல்லுங்கள். நாங்களும் இன்ஷா அல்லாஹ் உங்களோடு வந்து சேர்பவர்களே என்று அர்த்தம். பெயர் சொல்லி துஆ கேளுங்கள். கபுறுகளை மிதிக்காமல், அதன் மேல் உட்காராமல் நடந்துகொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மௌத்தானால் கபுறு வேதனை இல்லையா? கபனில் (மையித்தைச் சுற்றும் துணியில்) தாயத்து வைக்கலாமா?

வெள்ளி பற்றித் திர்மிதியில் ஒரு ஹதீஸ் இருக்கிறது, அதன் தொடர் முழுமையாக இல்லை என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். நல்ல சகுனமாக நினைத்து மனம் ஆறலாம், மற்ற நாளில் போனவரைக் குறைவாக நினைக்கக் கூடாது. தாயத்து வேண்டாம்.

தமிழ் அயலவர் ஜனாஸாவுக்கு வந்து நிற்கலாமா?

தாராளமாக. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து போனபோது நபி (ஸல்) எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொன்னபோது, அதுவும் ஓர் உயிர் இல்லையா என்று கேட்டார்கள்.

கடைசி நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

லா இலாஹ இல்லல்லாஹ் என்பதை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருங்கள். சொல்லு சொல்லு என்று நெருக்க வேண்டாம், அவர் ஒருமுறை சொல்லிவிட்டால் விட்டுவிடுங்கள். வாயைப் பஞ்சால் நனைத்துக்கொடுங்கள். அல்லாஹ்வைப் பற்றி நல்ல எண்ணம் இல்லாமல் உங்களில் யாரும் மரணிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) தங்கள் மௌத்துக்கு மூன்று நாள் முன் சொன்னார்கள். ஆகவே அந்த நேரத்தில் நரகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் செய்த நல்லதை, வளர்த்த பிள்ளைகளை, நோற்ற நோன்புகளை நினைவூட்டுங்கள். பாவத்தில் எல்லை மீறிய என் அடியார்களே, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்ற ஸுமர் சூராவின் வசனத்தைக் காதருகே ஓதுங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஏதாவது?

வஸிய்யத் (மரண சாசனம்) செய்ய ஏதாவது உள்ள முஸ்லிம், அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவு கழிக்கக் கூடாது என்று ஹதீஸ் இருக்கிறது. ஒரு கொப்பியை எடுத்து, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாருடைய பொருள் உங்களிடம் இருக்கிறது, யாரிடம் மாப்புக் கேட்க வேண்டியிருக்கிறது, விடுபட்ட நோன்பு எத்தனை என்று எழுதுங்கள். அடகுக் கடைத் துண்டையும் அதற்குள் வையுங்கள். தர்மத்துக்கு வஸிய்யத் செய்வதானால் சொத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது, மிச்சம் வாரிசுகளுக்கு உரியது. எழுதி ஒளித்துவைத்தால் பயனில்லை, இரண்டு பேருக்காவது காட்டுங்கள்.

என் கொப்பி அலுமாரியின் மேல்தட்டில், வாப்பாவின் பழைய சி.ஆர். கொப்பிக்கு மேலே இருக்கிறது. மனைவிக்கும் மூத்த மகளுக்கும் இடம் தெரியும். இன்று அதில் இரண்டு வரி இருக்கிறது: சீமெந்துக் கடைக்கு 4,200, பக்கத்து வீட்டு ஏணி.